மாப்பிள்ளை பொருத்திய மீட்டர்

என் தங்கை வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'சொட்டு' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். குழாய் வேலை செய்பவர். தான் கை வைத்த இடத்தில் ஒரு சொட்டு கசிந்தால் மீசையை மழித்துக்கொள்கிறேன் என்று இருபது வருடத்துக்கு முன்னால் யாரிடமோ வீறாப்பாகச் சொல்லிவிட்டார். மீசை இன்றுவரை இருக்கிறது. கொஞ்சம் அளவுக்கு மீறியே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். என் அபிப்பிராயத்தை இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்?

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. குடியிருப்பது மாடியில். கீழே அவர்கள் இரண்டு பேரும். அதனால் கீழே ஒரு ஸ்பேனர் விழுந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

அவர் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக வந்ததே குளியலறைக் குழாயைச் சரிபார்க்கத்தான். வேலை முடிந்ததும் கிளம்பவில்லை. குழாய் மூட்டுக்குக் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆயிற்று. என் தங்கை எட்டிப் பார்த்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஈரம் வருகிறதா என்று பார்க்கிறேன் என்றார். வரவில்லையே என்றாள். அதுதான் பார்க்கிறேன் என்றார். இதில் மயங்குவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவள் மயங்கினாள். ஆறு மாதத்தில் கல்யாணம்.

அந்த ஆள் இப்படித்தான். விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவப் போனால் திரும்பி வர அரைமணி ஆகும். அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரர் தெருவில் என்னை நிறுத்தி, குழாயைத் திறக்க இப்போது இரண்டு கை வேண்டியிருக்கிறது என்பார். எந்தத் திருகு மரையைக் கண்டாலும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகும். பையில் எப்போதும் ஒரு வெள்ளை டேப் சுருள் இருக்கும். குழாயின் மரையில் சுற்றி முறுக்கினால் தண்ணீர் கசியாது. மற்றவர்கள் ஏழெட்டுச் சுற்று சுற்றுவார்கள். இவர் பன்னிரண்டு. கேட்டால், எட்டு சுற்றுகிறவனுக்குத்தான் திரும்பப் போய்ப் பார்க்கிற வேலை என்பார்.

இனி என் தங்கையைப் பற்றி. அவள் கார் ஓட்டுகிறாள். சொந்த வண்டி, பழைய வண்டி. ஊருக்கு வெளியே மலைமேல் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. தினமும் காலையில் நான்கு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போய் மேலே விட்டு, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவாள். எட்டு வருடம் ஒரு நாள் தவறாமல் செய்தாள். ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பீற்றிக்கொள்வாள்.

போன வருடம் ஒரு நாள் மூன்றாவது வளைவிலேயே கருகிய வாடை வந்திருக்கிறது. இன்ஜின் எண்ணெய் கொதித்துப்போன வாடை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பின்னால் ஒரு லாரி ஹாரனை அடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே டீச்சர்கள் மணியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று யாராவது சொல்வார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றியிருக்கிறாள். ஏழாவது வளைவில் இன்ஜின் இறுகி நின்றது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் முட்டி நிறுத்தினாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. லாரிக்காரன்தான் இறங்கி வந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தானாம்.

இன்ஜினைப் பிரித்து மறுபடி கட்டியாகிவிட்டது. என் தங்கையைத்தான் கட்ட முடியவில்லை. சமதரையில் ஓட்டினாள். மலை அடிவாரத்துக்குப் போனால் கை வேர்த்துத் திரும்பிவிடுவாள். டீச்சர்கள் ஒரு வருடம் வேறு வேறு வண்டிகளில் அல்லாடினார்கள். இந்த வருடம் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு நான்கு பேரும் வீட்டுக்கே வந்து, நீ வந்தால்தான் ஆயிற்று என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். அவளுக்கும் ஆசை. இன்ஜினைக் கட்டிய மெக்கானிக், எண்ணெயின் சூட்டைக் காட்டுகிற மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள், நூற்று முப்பது டிகிரிக்குப் போவதற்குள் நிறுத்திவிட்டால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டாள்.

"முள்ளைப் பார்த்துக்கிட்டே ஏறுவேன். முள் இல்லாம ஏறமாட்டேன்" என்றாள்.

டீச்சர்கள் சரி என்றார்கள். திங்கட்கிழமை பள்ளி திறப்பு. மெக்கானிக்கோ புதன்கிழமைவரை வேலை நெருக்கடி என்று கையை விரித்துவிட்டார். அப்போதுதான் நம்ம மாப்பிள்ளை மீசையைத் தடவினார். நான் பொருத்துகிறேன் என்றார். உங்களுக்குக் கார் தெரியுமா என்று கேட்டேன். எண்ணெயும் ஓடுகிற சமாசாரம்தானே மச்சான், ஓடுகிறதையெல்லாம் அடக்குவதுதானே என் தொழில் என்றார். சொன்ன விதத்தைப் பார்த்தால் எண்ணெய்க் கிணறே இவர் பொறுப்பில் இருப்பதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை ஆரம்பமாயிற்று. வண்டியை ஜாக்கியில் தூக்கிக் கட்டைகள்மேல் நிறுத்தினார். அடியில் பழைய செய்தித்தாள் விரித்தார். எண்ணெயை இறக்குவதற்கு இன்ஜினின் அடிவயிற்றில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றி எண்ணெயை ஒரு பேசினில் பிடித்துக்கொண்டார். அந்த போல்ட்டுக்குப் பதிலாக நடுவில் துளையுள்ள வேறு போல்ட். துளைக்குள் சூட்டை உணர்கிற, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளைச் சென்சார். அதன் வாலில் ஒரே ஒரு ஒயர். ஒயர் இன்ஜின் ஓரமாக ஏறி, ரப்பர் வளையத்துக்குள் நுழைந்து, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் வட்ட மீட்டருக்குப் போக வேண்டும். ஒயர் வேலையை என் தங்கை செய்தாள். நான் மீட்டரின் எழுத்து நாலடி தூரத்திலிருந்து தெரிகிறதா என்று பார்த்துச் சொன்னேன். ஐம்பதிலிருந்து நூற்றைம்பதுவரை. நன்றாகத் தெரிந்தது. என் பங்கு அவ்வளவுதான் என்று என்னை ஓரங்கட்டிவிட்டார்கள்.

எண்ணெயை மறுபடி ஊற்றியதும் அவர் வண்டிக்கடியில் படுத்து உள்ளங்கையை ஏந்திவிட்டார். ஐந்து நிமிடம். வெளியே வந்து கையைக் காட்டினார். காய்ந்து கிடந்தது. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். ஊருக்குள் அரைமணி நேரம் சுற்றிவிட்டு மலையில் இரண்டு வளைவு ஏறிப் பார்ப்பதாகத் திட்டம். முள் ஐம்பதில் படுத்திருந்தது. அடிவாரம் வந்தோம், ஐம்பது. முதல் வளைவு, ஐம்பது. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா மச்சான், இன்ஜின் எப்படிக் குளுகுளு என்று இருக்கிறது என்று பின்சீட்டிலிருந்து என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். எண்ணெயை இறக்கி ஊற்றியதே அதற்கு ஒரு புத்துணர்ச்சிதான் என்றும் ஒரு விளக்கம் கொடுத்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் தங்கை மட்டும் அந்த முள்ளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

இரண்டாவது வளைவில் அகலமான இடம் ஒன்று உண்டு. அங்கே திருப்பிக் கீழே இறங்கி வந்து, அடிவாரத்தில் நிறுத்தி பானெட்டைத் திறந்தாள். எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியை உருவி நுனியைத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் சிவந்திருந்தது.

"இது ஐம்பதா?" என்று அவரிடம் கேட்டாள். "இந்த முள் பொய் சொல்லுது."

மாப்பிள்ளை குனிந்து பானெட்டுக்குள் பார்த்தார். ஒயர் ஏதாவது தளர்ந்திருக்கும் என்றார். அவள் காதில் வாங்கவில்லை. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். நான் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கொடுத்தாள்.  வழியில் ஒரே ஒரு தடவை பேசினாள். டீச்சர்களுக்கு வேறு வண்டி பார்க்கச் சொல்லிவிடுகிறேன், நாளை சாயங்காலம் போன் செய்து சொல்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் கடைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். மாப்பிள்ளை வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் மீட்டர் பெட்டியோடு வந்த காகிதம். நான் பக்கத்தில் போனதும் அதை நீட்டினார். எழுத்தெல்லாம் பொடி எழுத்து. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்படி ஒரு படம் மட்டும் பெரிதாக இருந்தது. சென்சாரின் படம், பக்கத்தில் ஒரு டேப் சுருளின் படம், சுருளுக்குக் குறுக்கே பெருக்கல் குறி.

"சுத்திட்டேன் மச்சான்" என்றார். "பன்னிரண்டு சுத்து."

"படத்தைப் பார்க்கலையா?"

"பார்த்தேன். எங்க தொழிலைக் கேலி பண்றாங்கன்னு நெனச்சேன்."

மெக்கானிக்குக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். அவர் சொன்னது இதுதான். சென்சாருக்கு ஒரு ஒயர்தான். கரண்ட் திரும்பிப் போகிற வழி அதன் உடம்புதான், அதாவது மரை இன்ஜினின் இரும்பைத் தொட வேண்டும். நடுவில் டேப்பைச் சுற்றி வைத்தால் வழி அடைபட்டுப் போகும். முள் குளிர்ந்த பக்கமே கிடக்கும். இன்ஜின் பற்றி எரிந்தாலும் ஐம்பது என்றுதான் காட்டும். நம்ம ஆள் டேப்போடு நிற்கவில்லை, அடியில் வெள்ளைப் பசையும் தடவியிருக்கிறார். கசியக் கூடாதல்லவா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாய் நிறைய வந்ததை அப்படியே விழுங்கினேன். அந்த ஆள் உட்கார்ந்திருந்த விதம் அப்படி. இரண்டு நாளில் ஐந்து வயது கூடிவிட்டது போல. சரி, அவள் தூங்குகிறாள், இப்போதே கழற்றி டேப்பைப் பிய்த்துவிட்டு மாட்டிவிடுங்கள், கேட்டால் ஒயர் தளர்ந்திருந்தது என்று நானும் சொல்கிறேன் என்று யோசனை சொன்னேன். என் யோசனையை முதல் தடவையாக அவர் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அவ இந்த முள்ளை நம்பித்தான் மேல ஏறணும். அதை நான் ஒரு பொய்யோட மாட்டிக் கொடுத்தா எப்படி?" என்றார். "நானே உள்ள போய் சொல்றேன்."

போனார். நான் வாசலிலேயே நின்றேன், ஒட்டுக் கேட்பதற்குத்தான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என் தங்கையின் குரல் நன்றாகவே கேட்டது. இத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். விருந்து வீட்டுக் குழாய்கள் வந்தன. மீசை வந்தது. நான் மேலே போய் அந்த முள்ளை நம்பி ஏற்றியிருந்தால் நான்கு டீச்சர்களும் என்ன ஆகியிருப்பார்கள் என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது.  மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்து ஆமாம், தப்புதான், ஆமாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.  நான் கதவோடு இன்னும் கொஞ்சம் ஒட்டி நின்றேன். திடீரென்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்தீர்களா, கேலி பண்ணுகிறார்கள் என்றா என்று கேட்டுக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், வாசலில் என்னைப் பார்த்தும் ஆச்சரியப்படவில்லை.

"காரணம் தெரிஞ்சுபோச்சு அண்ணா" என்றாள். "காரணம் தெரியாததுதான் எனக்குப் பயம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி ஜாக்கி, கட்டை, செய்தித்தாள், பேசின். இந்தத் தடவை வண்டிக்கடியில் போனது அவள். மாப்பிள்ளை வெளியே உட்கார்ந்து கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். சென்சாரைக் கழற்றினாள். டேப்பைப் பிரித்தாள். எண்ணிப் பார்த்தோம், பன்னிரண்டுதான். தொழில் நேர்மையில் அவரைக் குறை சொல்ல முடியாது. பசையைத் துணியால் துடைத்து, மரையை மண்ணெண்ணெயில் கழுவி, பித்தளை பளபளக்கும்வரை பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாள்.

மாட்டுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. மாப்பிள்ளையைச் சமையலறைக்கு அனுப்பி, கெட்டிலில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வண்டியண்டை கொண்டுவரச் சொன்னாள். சென்சாரின் உடம்பிலிருந்து இன்ஜின் இரும்புக்கு ஒரு துண்டு ஒயரைக் கவ்வ வைத்தாள். அப்படியே அதைக் கெட்டிலுக்குள் தொங்கவிட்டாள். முள்ளைப் படிப்பது என் வேலை. கண்ணாடிக் கடைக்காரனுக்கு ஒருவழியாக ஒரு மரியாதை கிடைத்தது. முள் அசைந்தது. அறுபது என்றேன். எண்பது. தொண்ணூறு. நூறுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது.

"என்ன சொல்லுது?" என்றாள் கீழேயிருந்து.

"நூறுன்னே வச்சுக்கோ."

"இப்ப நம்பறேன்" என்றாள்.

அதன் பிறகு மாட்டியது வெறும் மரையோடு, கூட வந்த செம்பு வளையத்தோடு. கையால் இறுகும்வரை திருகி, ஸ்பேனரில் கால் சுற்று. இன்னும் ஒரு அரைச் சுற்று என்று மாப்பிள்ளையின் உதடு அசைவதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார். எண்ணெயை ஊற்றி வண்டியைக் கிளப்பி ஊருக்குள் ஒரு சுற்று போய்வந்தாள். தொண்ணூற்றைந்து காட்டியதாம். டீச்சர்களுக்குப் போன் செய்து, ஏழரைக்குத் தயாராக இருங்கள் என்றாள்.

மாப்பிள்ளை தானும் கூட வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். ஆறாவதாக ஒரு ஆள் ஏறினால் அதற்கும் சேர்த்துத்தான் இன்ஜின் சூடாகும் என்று ஒரே வார்த்தையில் அடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் கிளம்பிப் போன பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. நான் கடை திறக்கவில்லை. வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கெல்லாம் மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எட்டேகாலுக்குப் போன் அடித்தது. அவர் விரல் திரையில் தப்புத் தப்பான இடத்திலேயே பட்டது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆறாவது வளைவுல நிறுத்தியிருக்கேன்" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். முள் நூற்று இருபத்தெட்டு காட்டியதாம். ஓரங்கட்டிவிட்டாளாம். டீச்சர்கள் இறங்கி நின்று காற்று வாங்குகிறார்களாம், ஒருத்தி பாடக் குறிப்பு எழுதுகிறாளாம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விட்டதாம்.

"பயமா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். 

"இல்லைங்க. போன வருஷமும் எனக்கு ஏறப் பயமில்ல. நிறுத்தத்தான் பயம். இன்னிக்கு நிறுத்திட்டேன்."

இப்போது நூற்றுப் பத்துக்கு இறங்கிவிட்டது, கிளம்புகிறேன், வைத்துவிடாதீர்கள் என்றாள். போனை முன்சீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். கதவுகள் சாத்துகிற சத்தம். இன்ஜின் கிளம்புகிற சத்தம். அந்த டீச்சர் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் எங்களுக்காக முள்ளைப் படிக்க ஆரம்பித்தார். நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதினைந்து. ஏழாவது வளைவு என்று சொன்னபோது மாப்பிள்ளை என் முழங்கையைப் பிடித்தார். குரங்குப்பிடி. நூற்று இருபது. நூற்று இருபத்திரண்டு. எட்டாவது வளைவு. நூற்று இருபத்திரண்டேதான். பின்சீட்டிலிருந்தும் சேர்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பதாவது வளைவு தாண்டியதும் பள்ளிக்கூடத்து மணிச் சத்தமே எங்களுக்குக் கேட்டது.

"என்னங்க, இருக்கீங்களா?" என்று என் தங்கையின் குரல் வந்தது.

அவர் போனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.  கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்து மீசையெல்லாம் நனைந்துவிட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் மறைக்கவும் இல்லை. யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டுமே.

"இருக்கார்மா" என்றேன். "அழுதுக்கிட்டு இருக்கார்."

"அழட்டும்" என்றாள். "சாயங்காலம் டீச்சருங்களை இறக்கிவிட்டுட்டு வந்துடறேன்னு சொல்லு."